போலியோதான் ஒழிஞ்சிட்டுல்லா, பிறகு எதுக்குச் சொட்டு மருந்து?

கேட்டவர் நெல்லை மேலப்பாளையத்துக்காரர். பிள்ளைக்கு எல்லாத் தவணையும் போட்டாச்சாம். முகாமிலும் கொடுக்கணுமா என்கிறார். கொடுங்க அண்ணாச்சி.

ஆச்சிமார் இளம்பிள்ளை வாதம் என்று சொல்வதுதான் இது. கிருமி வாய்வழியே போய், குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறும். அசுத்தத் தண்ணீரும் கழுவாத கையும் போதும், அடுத்த பிள்ளைக்குத் தாவ. வாய்க்கால் ஓரம் ஒதுங்கிவிட்டு அதிலேயே குளித்த காலமெல்லாம் நம்ம பக்கம் ரொம்பப் பழசில்லை.

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் நரம்பு பாதித்துக் கால் முடங்கும். வில்லங்கமே அதுதான்: ஒரு பிள்ளை விழுந்தது கண்ணில் படுமுன், நூற்றுக்கணக்கான குடல்களில் கிருமி குடியேறியிருக்கும்.

சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. குடலிலேயே காவல் நிற்கும். ஆனால் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று தவணை பல நேரம் பத்தவில்லை. வேலூரில் கிருமி ஆய்வாளர் டாக்டர் ஜேக்கப் ஜான் இதை எழுபதுகளிலேயே காட்டினார். அதனால்தான் முகாமில் மறுபடியும். கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடும் ஊசி வேறு; செயலிழந்த கிருமி, ரத்தத்தில் எதிர்ப்பைத் தரும். ஒன்றைப் போட்டதால் மற்றதை விடக்கூடாது.

இந்தியாவில் கடைசியாக இயற்கைக் கிருமி (சொட்டு மருந்திலிருந்து வராதது) தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்க ஹவுராவில். போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் 2014 மார்ச் 27-ல் வந்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் ஓயவில்லை. விமானத்தில் வர அதற்கு டிக்கெட் வேண்டாம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிற வழியிலேயே கொடுத்து, இடது சுண்டுவிரலில் மை வாங்கிக்கொள்ளுங்க.