வேப்பிலை ஏன் புழுவாய் நெளிகிறது? – கடிதம்

வணக்கம் சார்,

என்னிடம் ஃபூஜி எக்ஸ்-டி3 கேமரா இருக்கிறது. நண்பன் சோனி ஏ7-3 வைத்திருக்கிறான். போன வாரம் எங்கள் ஊர்க் குளக்கரையில் இருவரும் ஒரே வேப்பமரத்தை எடுத்து, ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகள்) அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். அவனுடையதில் இலை இலையாகத் தெரிகிறது. என்னுடையதைப் பெரிதாக்கினால் புழு நெளிவது மாதிரி, வாட்டர்கலரில் தீட்டியது மாதிரி இருக்கிறது. இரவு கல்யாண மண்டபத்தில் எடுத்தபோது ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400, இரண்டு பேருக்கும் லென்ஸ் திறப்பு எஃப் 2.8. அதிலும் என் படத்தில்தான் நாய்ஸ் (மணல் தூவியது மாதிரி புள்ளிகள்) அதிகம். கல்யாண வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. லென்ஸோடு எல்லாவற்றையும் விற்றுவிட்டு மாறிவிடலாமா? கோப்புகளை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வேப்பமரத்துக்காக விற்காதீர்கள். மண்டபத்து விஷயம் வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரா கோப்பில் இருப்பது வெறும் எண்கள்தான். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒன்றை மட்டும் அளந்திருக்கும். மீதி இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள்தான் கணக்குப் போட்டு நிரப்புகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ஊகித்து வந்தது. ஆக, ஒரே மென்பொருளில் இரண்டு கேமராவின் கோப்பையும் திறந்து ஒப்பிடும்போது, அந்த மென்பொருளுக்கு எந்தக் கோப்பை நன்றாக வாசிக்கத் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

எந்தப் பிக்சல் எந்த நிறத்தை அளக்கும் என்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. உங்கள் நண்பரின் சோனியில் இருப்பது பேயர் அமைப்பு. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது, இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லாக் கேமராக்களும் அதைத்தான் வைத்திருக்கின்றன. இரண்டுக்கு இரண்டு கட்டம், அதில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம், அதுவே திரும்பத் திரும்ப. ஃபூஜி 2012-இல் எக்ஸ்-ப்ரோ1 கொண்டுவந்தபோது எக்ஸ்-ட்ரான்ஸ் என்று வேறொன்றைப் போட்டது. ஆறுக்கு ஆறு கட்டம், 36-இல் பச்சை 20, சிவப்பு 8, நீலம் 8. ஏன் இந்தச் சிரமம் என்றால், வெளிச்சத்தை அளக்கும் சில்லான சென்சாரின் ஒழுங்கான கட்டமும் துணியின் ஒழுங்கான நெசவும் மோதும்போது வானவில் பட்டை மாதிரி ஒன்று வருமே, பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையில் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதைக் குறைக்கத்தான். குறைக்கவும் செய்கிறது. ஆனால் சிவப்பும் நீலமும் இங்கே கொஞ்சம் தள்ளித் தள்ளி, சீரில்லாத தூரங்களில் இருப்பதால் ஊகிக்கிற கணக்கு கடினமாகிவிடுகிறது. லைட்ரூமின் வழக்கமான கணக்கு நெருக்கமான இலைகளில் தடுமாறுகிறது. நீங்கள் எதையும் தொடாமலேயே ரா கோப்புக்கு 40 என்று ஒரு ஷார்ப்பனிங்கும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். தடுமாறிய இடங்களை அது கோடு கோடாகக் கூர்மையாக்கித் தரும். உங்கள் புழு அதுதான்.

உங்கள் கோப்பை ரா தெரபியில் திறந்தேன். அது இலவச மென்பொருள், எக்ஸ்-ட்ரான்ஸுக்கென்றே மார்க்கஸ்டெய்ன் என்ற கணக்கு அதில் உண்டு. மூன்று சுற்று ஓடும் வகையைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கக் கிளையில் வெயில் விழுந்திருக்கும் அந்தக் கொத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேப்பிலை விளிம்பில் இருக்கும் ரம்பப்பல்லை எண்ண முடிகிறது! அதே கொத்து லைட்ரூமில் பச்சைக் கூழ். லைட்ரூமிலேயே ஷார்ப்பனிங்கை 40-இலிருந்து 15-க்கு இறக்கியதும் பாதி நெளிவு அடங்கியது. என்ஹான்ஸ் டீடெயில்ஸ் என்று 2019-இல் அடோபி ஒரு வசதி கொடுத்தார்கள், இப்போது ரா டீடெயில்ஸ் என்று பெயர், அதையும் ஓட்டியதும் மீதியும் பெரும்பாலும் போய்விட்டது. கேப்சர் ஒன் என்ற மென்பொருளிலும் ஃபூஜி கோப்பு நன்றாகவே வரும். நண்பரின் கோப்பையும் ரா தெரபியில் திறந்து பக்கத்தில் வைத்தேன். இலையில் இரண்டுக்கும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, மண்டபம். அந்த நாய்ஸ் நிஜம், மென்பொருள்மேல் பழி போட முடியாது. நண்பரின் சோனியில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் சென்சார், சுமார் 36-க்கு 24 மில்லிமீட்டர், பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். உங்களுடையது 23.5-க்கு 15.6, பரப்பு சுமார் 367. ஒரே எஃப் 2.8, ஒரே ஷட்டர் வேகம் என்றால் அவருடைய சென்சாருக்கு மொத்தமாக இரண்டே கால் மடங்குக்கு மேல் வெளிச்சம் விழுகிறது. ஒரு ஸ்டாப்பும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கொஞ்சமும். இந்த ஒரு ஸ்டாப்பை லென்ஸில் மீட்கலாம். எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. ஃபூஜியின் 23 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸை மாட்டினால், ஃபுல் ஃப்ரேமில் 35 மில்லிமீட்டர் எஃப் 2 போட்டு எடுப்பதற்கு ஏறக்குறைய சமம். ஜூமை மட்டுமே நம்பி இருட்டு மண்டபத்தில் வேலை செய்கிறவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் வசதி 6400-ஐ ரொம்பச் சுத்தமாக்கித் தருகிறது. சோனி கோப்பையும்தான் சுத்தமாக்கும், இடைவெளி அப்படியே இருக்கும், ஆனால் ஆல்பத்தில் அது கண்ணில் படுகிற அளவுக்கு இருக்காது.

ஆல்பம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட்டை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடித்தாலும் தேவை 5400-க்கு 3600 பிக்சல். உங்கள் கேமரா 6240-க்கு 4160 தருகிறது. நீங்கள் பெரிதாக்கிப் பார்த்துப் பதறியதை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் பார்க்கப் போவதில்லை.

தோல் நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் நண்பர் அடுத்து அதைத்தான் எடுப்பார். லைட்ரூமில் தெரிவது பெரும்பாலும் அடோபி ஒவ்வொரு கேமராவுக்கும் எழுதிய புரொஃபைலின், அதாவது நிறக் கணக்கின், நிறம். புரொஃபைலை மாற்றினால் முகம் மாறும்.

வருஷம் முழுக்க ஃபிளாஷ் போட முடியாத இருட்டு மண்டபங்கள்தான் என்றால், ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவதற்கு அது நியாயமான காரணம். அதற்கு முன்னால் ஒரு முகூர்த்தத்துக்கு 23 எஃப் 1.4-ஐ வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதே நாளில் நண்பரும் வரட்டும், ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) இரண்டிலும் கையால் ஒரே அளவில் வையுங்கள், ஒவ்வொரு கோப்பையும் அதற்கு நன்றாக வரும் மென்பொருளில் தயாரித்து, லேபில் 12-க்கு 18-இல் இரண்டு பிரிண்ட் போட்டு, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் பெண்ணின் அம்மாவிடம் கொடுங்கள். அவர் எதைக் கையில் வைத்துக்கொண்டார் என்று எழுதுங்கள்.