விரலில் 99, நெற்றியில் 52: மூளை ஆக்சிஜன் அளவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அறுவையில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 காட்டும்போது, மூளையின் ஆக்சிஜனைப் பார்க்க நெற்றியில் எதற்குத் தனி சென்சார்?

பதில்: விரலில் மாட்டுவது தமனி ரத்தத்தை மட்டும் அளக்கும், அதுவும் துடிப்பு இருந்தால்தான். நெற்றி சென்சார் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை அனுப்பி, மூளையின் முன்பகுதித் திசுவிலுள்ள ரத்தம் முழுவதையும் பார்க்கிறது. அதில் முக்கால் பங்கு சிரை ரத்தம் என்பதால் 60–80 இயல்பான அளவு. மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் இந்த எண் இறங்கும். விரலில் 99 அசையாமல் நிற்கும்.

கேள்வி: மயக்கம் கொடுத்த பிறகு ஒட்டலாமா?

பதில்: கூடாது. நோயாளி விழித்திருக்கும்போதே, ஆக்சிஜன் மாஸ்க் வைக்கும் முன்பே ஒட்டி, அடிப்படை அளவைக் குறித்துவிடுங்கள். எண்ணெய், திருநீறு, பொட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புருவத்துக்கு மேல் இரு பக்கமும் ஒட்டுங்கள்.

கேள்வி: தோள்பட்டை அறுவை, உட்கார்ந்த நிலை. 72 இருந்தது 52 ஆகிவிட்டது. கையில் பிபி 100/60. முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: அடிப்படை அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதாவது உங்களுக்கு 58-க்குக் கீழே போனாலே, காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். முதலில் தலை. துணிக்கு அடியில் கழுத்து திரும்பியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். அடுத்து பிபி. 100/60 என்றால் சராசரி 73. ஆனால் உயரம் கூடக் கூட ரத்த அழுத்தம் குறையும்: காது, கையில் கட்டிய பிபி பட்டை (கஃப்) இருக்கும் இடத்தைவிட 25 செ.மீ. உயரத்தில் இருந்தால், செ.மீ.க்கு 0.77 வீதம் 19 கழியும். மூளைக்குக் கிடைப்பது 54தான். பிபியை ஏற்றுங்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடு: வென்டிலேட்டர் வேகமாக ஓடி எண்ட் டைடல் (மூச்சு வெளிவிடும் முடிவில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு) 28-க்கு வந்திருந்தால் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். சுவாச எண்ணிக்கையைக் குறைத்து 35–40-க்குக் கொண்டுவாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். அதற்கும் ஏறாவிட்டால் ஆக்சிஜனைக் கூட்டி, ஹீமோகுளோபின் பாருங்கள்.

கேள்வி: பிபியை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் மருந்து போட்டதும் பிபி ஏறியது, நெற்றி எண் இறங்கியதே?

பதில்: நெற்றித் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதும் அளவில் கலக்கும், நாடி மெதுவாகி இதயம் தள்ளும் ரத்தமும் குறையும். நாடி மெதுவாக இருந்தால், நாடியையும் சேர்த்து ஏற்றும் எஃபிட்ரின் பொருத்தம்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்?

பதில்: கழுத்துத் தமனி அறுவையில் தமனியை அடைக்கும் கிளாம்ப் போட்டவுடன் இறங்கினால் உடனே சர்ஜனிடம் சொல்லுங்கள், ரத்தம் போக மாற்றுக் குழாய் (ஷன்ட்) தேவைப்படலாம். மற்ற அறுவைகளில் சென்சார் விளிம்பு பிரிந்திருக்கிறதா, கழுத்து திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எண் கடைசிவரை 70 என்றால் பக்கவாதம் வராது என்று உறவினரிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். நெற்றிக்குப் பின்னால் ஓரிரு செ.மீ. ஆழம்தான் இதற்குத் தெரியும். பின்மூளையில் அடைப்பு வந்தால் எண் அப்படியே இருக்கும்.