முதல் ஒப்படையோடு நின்றுவிடும் மாலைநேர மாணவர்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நீங்கள் நடத்தும் மாலைநேர டிப்ளோமா வகுப்பில், வேலைக்குச் செல்லும் மாணவர்கள் முதல் ஒப்படையோடு நின்றுவிடுவதாகவும், குறுஞ்செய்திகளுக்குப் பதிலே வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இணைத்திருந்த செய்தி, "வரவு 80 வீதத்திற்குக் குறைந்தால் பரீட்சைக்கு அனுமதி இல்லை" என்பதுடன் முடிந்துவிடுகிறது. பிள்ளையின் காய்ச்சலாலோ இரவுக் கடமையாலோ இரண்டு வகுப்புகளைத் தவறவிட்ட ஒருவருக்கு, இனிப் போய்ப் பயனில்லை என்றே அது தோன்றும்.

வயதுவந்த மாணவர்கள் இடைவிலகுவதில், கல்லூரிக்குள் நட்பு வட்டம் அமையாததைவிட வேலை நேரம், குடும்பப் பொறுப்பு, பணம் முதலிய வெளிக்காரணங்களே கூடுதலாகத் தாக்கம் செலுத்துகின்றன என்று பீன், மெட்ஸ்னர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இலேயே வலியுறுத்தினர். ஆகவே, மாணவர் ஒருவர் வராத அந்த வாரத்திலேயே, அவரை அறிந்த விரிவுரையாளரின் பெயரில், "ஒப்படையை அடுத்த வெள்ளிவரை தரலாம், பருத்தித்துறைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் முன்னதாகப் புறப்பட வேண்டியுள்ளதா? இதற்கே பதில் எழுதுங்கள்" என்பது போன்ற செய்தி செல்லட்டும். பதில் எழுத இயலாத இலக்கத்திலிருந்து அனுப்புவது (பலரும் இதைத்தான் செய்கிறார்கள்) வீண். கட்டண நிலுவையை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போட வேண்டாம். நம் ஊரில் அதன் பின்னர் அவர் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். பகல் முழுவதும் கடையில் நிற்பவரை இரவு எட்டு மணிக்குப் பின்னர் அழைப்பதே பொருந்தும்.