வாசகர் கேள்வி பதில்: மதுரை டு லண்டன்

கேள்வி: மகள் வீட்டுக்கு லண்டன் போகிறேன். மதுரையிலிருந்து 8,360 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் சுமார் ஒன்பதேகால் மணி நேரம்தானே? டிக்கெட்டில் 15, 17 மணி நேரம் என்று இருக்கிறதே! சென்னை வழி, துபாய் வழி இரண்டில் எது சுற்று குறைவு?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த 8,360 கி.மீ., பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னைக்கு 420, அங்கிருந்து லண்டனுக்கு 8,230. ஆக 8,650 கி.மீ. துபாய்க்கு 2,950, அங்கிருந்து 5,500. ஆக 8,450 கி.மீ. சென்னை நமக்கு வடகிழக்கே இருக்கிறது, லண்டனோ வடமேற்கே. துபாய் ஏறக்குறைய போகிற வழியிலேயே வருவதால் 200 கி.மீ. மிச்சம். ஆனால் விமானத்துக்கு அது கால் மணி நேரம்தான். அதை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள்.

பறக்கும் நேரத்துக்கு, தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அந்த அரை மணியில் அடங்கும். மதுரை–துபாய் சுமார் 4 மணி, துபாய்–லண்டன் சுமார் 7 மணி. டிக்கெட்டில் மிச்சமிருப்பது நடுவில் காத்திருக்கும் நேரம். போர்ப் பதற்றத்தால் வான்வழி அடைபட்டால் இன்னும் கூடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது, முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கிறதா என்பதைத்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று துபாய்வரை ஒன்று, அப்புறம் ஒன்று எனத் தனித்தனியாக எடுத்தால் சிக்கல். பெட்டியைத் துபாயில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்குக் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வர வேண்டும். அதற்கு அமீரக விசா வேண்டும். இரண்டு விமானங்களும் வெவ்வேறு முனையங்களில் என்றால் அலைச்சல் வேறு; துபாய் விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் ஓடுபாதைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் பணமும் போய்விடும். ஒரே டிக்கெட் கிடைக்காவிட்டால் சென்னை வழியே போங்கள். குறைந்தது 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

மதுரை கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் படித்துப் பாருங்கள். எல்.எச்.ஆர். என்றிருந்தால் பெட்டி லண்டன் ஹீத்ரோ வரை போகும். எம்.ஏ.ஏ. என்றிருந்தால் சென்னையில் நீங்களே எடுக்க வேண்டும்.

கேள்வி: காலை 11 மணிக்குக் கிளம்பி அன்றிரவு 8.30க்கு லண்டன் சேரும் என்கிறது டிக்கெட். ஒன்பதரை மணி நேரம்தானா?
– வாசகர், மேலூர்

பதில்: இல்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். லண்டன் நமக்குக் கோடையில் 4.30 மணி, குளிர்காலத்தில் 5.30 மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். போகும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்: கோடையில் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 15. திரும்பும்போது கழிக்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், திரும்பும் பயணம் பெரும்பாலும் அரை மணிக்கு மேல் குறையும்.