திறக்கறது ஈஸி, மூடறதுதான் வேலை

கேள்வி: கரண்ட் இல்லாதப்பவும் குழாய்ல தண்ணி வருதே, யாரு தள்ளுறா? மேல் மாடியில மட்டும் ஏன் நூல் மாதிரி வருது?

யாரும் தள்ளல, தண்ணியோட வெயிட்டே தள்ளுது. ஆத்துலயோ ஏரியிலயோ எடுத்த தண்ணியில படிகாரம் போட்டா கலங்கலெல்லாம் திரண்டு அடியில உக்காந்துக்கும், மிச்சத்த மணல் படுகை வடிகட்டிடும், கடைசியா குளோரின் கலந்து பம்ப் போட்டு உசரமான டேங்க்ல ஏத்திடுவாங்க. அதுக்கப்புறம் தெரு மெயின் பைப், அங்கேருந்து உங்க வீட்டு கனெக்‌ஷன், எல்லாம் இறங்கற தண்ணிதான். 10 மீட்டர் உசரத்துக்கு கிட்டத்தட்ட 1 பார் பிரஷர், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் ஒரு கிலோ ஏறி உக்காந்த மாதிரி.

இதுல டேங்க் எத்தன பெரிசுங்கறது கணக்குலயே வராது, 500 லிட்டரோ 5000 லிட்டரோ, தண்ணி மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவுல எத்தன உசரம்ங்கறதுதான் விஷயம். மொட்டை மாடி டேங்குக்கும் மேல் மாடி ஷவருக்கும் நடுவுல ரெண்டு மீட்டர்தான் இருக்குன்னா பிரஷரும் 0.2 பார்தான். பெரிய டேங்கா மாத்தினா பிரஷர் வரும்னு வாங்கி வச்சவங்க என் மேல கோச்சுக்காதீங்க. ஸ்டாண்ட் போட்டு டேங்க ஏத்துங்க, இல்ல பிரஷர் பம்ப் வைங்க. அதுக்கு முன்னாடி ஷவர் ஓட்டையில உப்பு அடைச்சிருக்கான்னு ஒருவாட்டி பாத்துடுங்க.

கேள்வி: குழாய எவ்ளோ இறுக்கி மூடினாலும் சொட்டுது. இன்னும் இறுக்கணுமா?

ஐயோ வேண்டாம், நீங்க இறுக்கி இறுக்கித்தான் அது இந்த நிலைமைக்கு வந்திருக்கு! குழாய்தான் தண்ணி தருதுன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா தண்ணி எப்பவும் வாசல்ல வந்து முட்டிக்கிட்டேதான் நிக்குது, குழாயோட வேலை கதவ சாத்தி வைக்கறது மட்டும்தான். திருகு மாடல் குழாய்ல கைப்பிடிய சுத்தினா உள்ள இருக்கற ஸ்பிண்டில்ங்கற தண்டு கீழ இறங்கும், அதோட நுனியில ஒரு ரப்பர் வாஷர், அது போயி தண்ணி வர்ற ஓட்டையோட பித்தளை விளிம்புல அழுந்தி உக்காரும். அவ்ளோதான் மெக்கானிசம். பழைய வாஷர வெளிய எடுத்துப் பாருங்க, நடுவுல வட்டமா ஒரு பள்ளம் விழுந்து ரப்பர் கல்லு மாதிரி ஆகியிருக்கும், அந்தப் பள்ளம் வழியாத்தான் சொட்டு.

மெயின் வால்வ மூடிட்டு, குழாயத் திறந்து மிச்ச தண்ணிய வடிச்சிட்டு, ஸ்பேனர் வச்சு மேல் பாகத்த கழட்டி அதே சைஸ் வாஷர் போட்டா பெரும்பாலும் சரியாயிடும். புது வாஷர் போட்டும் சொட்டுச்சுன்னா அந்த பித்தளை விளிம்பே அரிச்சிருக்குன்னு அர்த்தம், அப்ப பிளம்பர கூப்பிடுங்க. வாயில சொட்டாம, திறக்கும்போது கைப்பிடி அடியில கசிஞ்சா அது வேற கேஸ், ஸ்பிண்டில சுத்தி தண்ணி கசியாம அடைச்சிருக்கற பேக்கிங் தேஞ்சு போச்சு.

கைப்பிடிய கால் வட்டம் திருப்பினாலே திறக்கற புது மாடல்ல வாஷர் கிடையாது, ஓட்டை போட்ட ரெண்டு செராமிக் வட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி நிக்கும், ஓட்டையும் ஓட்டையும் நேரா வந்தா தண்ணி. மண்ணு துகள் மாட்டி கீறல் விழுந்தா அந்த வட்டு ரெண்டும் இருக்கற கார்ட்ரிட்ஜயே மாத்தணும், இறுக்கறதுக்கு அதுல எதுவுமே இல்ல.

கேள்வி: சில நேரம் தண்ணி பால் மாதிரி வெள்ளையா வருது, குளோரின் ஜாஸ்தியா?

கண்ணாடி டம்ளர்ல புடிச்சு ரெண்டு நிமிஷம் வைங்க. அடியிலேருந்து மேல தெளிஞ்சிட்டே வந்தா வெறும் காத்துக் குமிழி, பைப்ல பிரஷர்ல கரைஞ்சிருந்தது வெளிய வந்ததும் பிரியுது, பயமில்லாம குடிக்கலாம். தெளியாம அடியில ஏதாவது படிஞ்சா குடிக்காதீங்க, டேங்க தொறந்து பாருங்க.

கேள்வி: குழாய டக்குனு மூடினா சுவத்துக்குள்ள ‘டொம்’முனு சத்தம் கேக்குது. வாஷிங் மெஷின் ஓடும்போதும் கேக்குது. பயமா இருக்கு.

பேயெல்லாம் இல்லங்க. வேகமா ஓடி வந்துட்டிருந்த தண்ணிய திடீர்னு நிறுத்தினா பின்னாடி வர்றது வந்து மோதும், பைப் லூசா இருந்தா ஆடி சுவத்துல இடிக்கும், மெஷினுக்குள்ள இருக்கற வால்வும் படக்குனு மூடற ரகம்தான். கொஞ்சம் மெதுவா மூடுங்க, ஆடற பைப்புக்கு கிளாம்ப் அடிச்சு விடுங்க, அப்படியே விட்டா நாளடைவுல ஜாயின்ட் லீக் ஆக ஆரம்பிச்சிடும்.