நான்கு மண்டலக் குப்பையும் எங்கள் சாலை வழியாகவே போக வேண்டுமா?

ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து ஒருவர் கேட்கிறார்: நெல்லை மாநகரின் குப்பைச் சுமையையும் லாரிப் போக்குவரத்தையும் மற்றப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ளச் சொல்ல வழியுண்டா?

உண்டு. ஆனால் 'கிடங்கை மாற்று' என்று மட்டும் கேட்காதீர்கள். அது இன்னொரு எளிய மக்களின் ஊருக்குத்தான் போகும். தச்சநல்லூர், மேலப்பாளையம், பாளையங்கோட்டை, நெல்லை என அந்தந்த மண்டலத்தின் மட்கும் குப்பை அங்கேயே உரமாக வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு காய்கறிக் கழிவும் சோறும்தான். அது வண்டியேறாவிட்டால் லாரி நடைகள் தாமாகக் குறையும். தரம் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கட்டாயமாக்கிவிட்டன. நடைமுறை வேறு கதை.

முதலில் தகவல் உரிமைச் சட்டப்படி எடைமேடைப் பதிவுகளை வாங்குங்கள்: எந்த வார்டு, எத்தனை நடை, எந்த நேரம். 30 நாளில் பதில் தர வேண்டும். வெறும் கோபத்தோடு போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கணக்கோடு போனால் உட்காரச் சொல்வார்கள். பள்ளி நேரத்தில் லாரிகளை நிறுத்த, மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைச் சுட்டி ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

கடைசி வழி, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். கேரளத்திலிருந்து கொண்டுவந்து நெல்லை அருகே நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை 2024 டிசம்பரில் அந்த மாநிலமே திரும்ப அள்ளிச் சென்றது அதன் உத்தரவால்தான். உள்ளூர்க் குப்பை வழக்கில் அத்தனை வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.