அந்தோனியாருக்காகக் கடனா?

கேள்வி: எங்கள் கோயில் வளவில் புனித அந்தோனியாருக்குப் பன்னிரண்டு அடிச் சொரூபம் வைக்கத் திருவிழாக் குழு தீர்மானித்திருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பணம் போதவில்லை. கொஞ்சம் கடன் பட்டாவது யூன் 13க்குள் முடித்துவிட்டால், இளைஞர்களுக்குப் புனிதர்களைப் போல வாழும் ஆசை வருமல்லவா?
— பங்கு வாசகர், கிளிநொச்சி

பதில்: கடனா? வேறு எந்தப் புனிதருக்காகக் கடன் பட்டாலும் பொறுத்துக்கொள்வேன். இவருக்காகக் கூடாது. 1231இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பதுவை நகர சபையை நெருக்கி ஒரு சட்டம் கொண்டுவர வைத்தவர் அந்தோனியார். கடனைக் கட்ட வழியற்றவன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் தள்ளக்கூடாது என்பது அந்தச் சட்டம். அப்பேர்ப்பட்டவரிடம் நாம் தொலைந்த திறப்பைத் தேடித்தரச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பங்கில் நுண்கடன் எடுத்த பெண்கள் எத்தனை பேர் என்று குழு ஒருநாளாவது விசாரித்ததா? இதை நான் எழுதும்போதெல்லாம், கோயில் விஷயத்தோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர் என்று கடிதம் வரும். முடிச்சு ஏற்கெனவே விழுந்திருக்கிறது, ஐயா. போரில் கணவனை இழந்தவள் கோழி வளர்க்கக் கடன் எடுக்கிறாள். கோழிகள் நோயில் செத்துவிடுகின்றன, தவணை நிற்பதில்லை. கிழமைக் காசுக்கு வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டதும், "அம்மா இல்லை" என்று சொல்லப் பிள்ளையை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பின்வேலியால் போய்விடுகிறாள். குழுக்கடன் என்பதால் அவள் கட்டாததை அயலவள் கட்ட வேண்டும். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே திருச்சபை பற்றிய ஏட்டில் ஓர் அதிகாரம் முழுக்கச் சொல்லிவிட்டது. உங்கள் குழுத் தலைவரும் பொருளாளரும் அதில் அடக்கம்.

உயரத்தைப் பார்த்துக் கும்பிடும் வழக்கம் வன்னிக்கு எப்போது வந்தது? 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி இருபது குடும்பங்கள் மாந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்த மாதாதான் மடு மாதா. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அந்தச் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். கையால் எடுக்க முடிந்ததால் எடுத்தார்கள். இடம்பெயர்ந்து பழகிய சனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சேர்ந்த பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். செவ்வாய் நவநாள் முடிந்ததும் அந்தப் பெண்களைக் கடன் புத்தகங்களோடு வரச் சொல்லுங்கள். வட்டிக் கணக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று பாருங்கள். உங்கள் இளைஞர்களை அந்த மேசையில் எழுத வையுங்கள். அந்த நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பது ஊருக்குக் கேட்கக்கூடாது.